‘என்னால் முடியுமா?’: எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் எழும் ஐயம்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பல ஆண்டுகள் எடையோடு மல்லுக்கட்டிக் களைத்தவர்கள். கொள்ளுக் கஞ்சி, பேலியோ, ஜிம், காலை நடை என ஒவ்வொன்றிலும் சில கிலோ குறைத்து, பிறகு அதையும் அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டவர்கள். அதனால் தேதி குறித்த பிறகு அவர்களை உலுக்கும் பயத்தில் கத்தியைப் பற்றிய பயம் ஒரு பகுதிதான். இத்தனை முயற்சியில் தோற்றவர் இதிலும் தோற்றுவிட்டால் என்ன செய்வது என்ற ஐயம் அதைவிட ஆழமானது. உணவுக் கட்டுப்பாட்டைப் பாதியில் விட்டுவிடலாம். வெட்டி எடுத்த இரைப்பையைத் திரும்ப வைக்க முடியாது. இந்த எண்ணம் பலரை அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள்வரை தூங்கவிடாது.

இந்த ஐயத்துக்கு உரம் போடுவது, வீட்டிலும் வெளியிலும் காலங்காலமாகச் சொல்லப்படும் ஒரு வாக்கியம்: “வாயைக் கட்டினால் போதும்.” கேட்டுக் கேட்டு, பருத்தவரும் அதை நம்பிவிடுகிறார். எடை கூடியது தன் மன உறுதியின்மையால் என்றும், மன உறுதி இல்லாதவருக்கு எந்தச் சிகிச்சையும் பலிக்காது என்றும் முடிவு கட்டிக்கொள்கிறார். அந்த அடிப்படையே தவறு. எடை குறையும்போது உடல் அதைப் பஞ்சமாகக் கருதி எதிர்த்துப் போராடுகிறது. ‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் பரிசோதித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டது. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்திருந்த அவர்களுக்கு, 41 கிலோ திரும்பியிருந்தது. ஓய்வாக இருக்கும்போது அவர்களின் உடல் எரித்த ஆற்றல், அவர்களின் உருவத்துக்கு எதிர்பார்க்கப்படும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களின் பசி ஹார்மோன்கள் ஓராண்டுக்குப் பிறகும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2011-இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றும் காட்டியது. பழைய தோல்விகளுக்கு உடலின் இந்த எதிர்ப்பே பெரிய காரணம். அவற்றை ஒருவரின் குணத்துக்குச் சான்றாகக் கொள்வது அநியாயம்.

அறுவை சிகிச்சை வேறுபடுவது இந்த இடத்தில்தான். ‘ஸ்லீவ்’ முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்பட்டு, ஒரு குறுகிய குழாய் மட்டும் மிஞ்சுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெரிதும் சுரக்கும் மேற்பகுதியும் அகற்றப்படும் பகுதியோடு போய்விடுகிறது. (கிரெலின் 1999-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளால் கண்டறியப்பட்டது. பசியை வெறும் ஆசையாக எண்ணிய காலம் மாறியதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு.) ‘பைபாஸ்’ முறையில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை உருவாக்கப்பட்டு, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கப்படுகிறது. உணவு குடலில் விரைவாக இறங்குவதால், போதும் என்ற உணர்வைத் தரும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. சர்க்கரை நோயாளிகள் பலருக்கு, எடை கணிசமாகக் குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே ரத்தச் சர்க்கரை இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முந்தைய முயற்சிகளில் பசி எதிரணியில் நின்றது. இப்போது அதன் பலம் குறைகிறது. ஆகவே ‘டயட்டில் தோற்றவர் இதிலும் தோற்பார்’ என்ற கணக்கு பொருந்தாது.

இன்னொரு வகை ஐயம், “இதற்கெல்லாம் ஆபரேஷனா, கொஞ்சம் குண்டாக இருப்பதற்கா?” என்பது. 1991-இல் அமெரிக்க வல்லுநர் குழு வகுத்த வரம்பு, பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் குறியீடு) 40, அல்லது இணை நோய்களுடன் 35. 2022-இல் சர்வதேச அறுவை மருத்துவர் சங்கங்கள் அதைத் திருத்தின. 35-க்கு மேல் இணை நோய் இல்லாவிட்டாலும் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5-இலிருந்தே வாய்ப்பாக முன்வைக்கலாம் என்றும் கூறின. 160 செ.மீ. உயரமுள்ளவருக்கு 27.5 என்பது சுமார் 70 கிலோ, 35 என்பது சுமார் 90 கிலோ. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்துவிடுவதால்தான் இந்தத் தாழ்ந்த வரம்பு. எண் மட்டும் முடிவு செய்வதில்லை. சர்க்கரை, உறக்க மூச்சுத்திணறல், கல்லீரல் கொழுப்பு, மூட்டுவலி எல்லாம் சேர்த்தே பார்க்கப்படும். ஆனால் இந்தியக் காப்பீட்டு விதிகளில் 40 அல்லது கடும் இணை நோயுடன் 35 என்ற பழைய வரம்பே இடம்பெற்றதால், மருத்துவ ரீதியாகத் தகுதி பெற்றவருக்குக் காப்பீடு கிடைக்காமல் போகலாம். பாலிசியை முன்கூட்டியே படித்துவிடுவது நல்லது.

உயிர் பயத்தை எவரும் அலட்சியப்படுத்தக் கூடாது. ‘ஒன்றும் ஆகாது’ என்று தோளைத் தட்டுவது பயத்தைப் போக்காது. எண்களைச் சொல்வதே மரியாதை. அமெரிக்காவின் பல மருத்துவமனைகளில் 4,776 பேரைத் தொடர்ந்து, 2009-இல் வெளியான ஆய்வில், முதல் 30 நாட்களில் இறந்தவர்கள் 0.3 சதவீதம், கடும் சிக்கல் கண்டவர்கள் சுமார் 4 சதவீதம். தையல் இடத்தில் கசிவு, ரத்தக்கசிவு, காலில் ரத்தம் உறைதல் ஆகியவை அஞ்ச வேண்டிய சிக்கல்கள். ஸ்லீவுக்குப் பின் நெஞ்செரிச்சல் கூடலாம். மறுபக்கத்தில், சுவீடனில் 1987-இல் தொடங்கிய ஆய்வு, அறுவை செய்துகொண்ட சுமார் 2,000 பேரையும் செய்துகொள்ளாத அதே அளவினரையும் தொடர்ந்து கவனித்தது. சராசரியாகச் சுமார் 11 ஆண்டுகளில் செய்துகொள்ளாதவர்களில் 129 பேரும், செய்துகொண்டவர்களில் 101 பேரும் இறந்திருந்தார்கள். ஆக, செய்துகொள்ளாமல் இருப்பதும் ஆபத்தில்லாத வழியல்ல. இரண்டு ஆபத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு முடிவெடுப்பது எளிதாகிறது.

‘குறுக்கு வழி’ என்ற பழிச்சொல்லும் மனதை அரிக்கும். பிந்தைய வாழ்க்கையை அறிந்தவர் இச்சொல்லைப் பயன்படுத்த மாட்டார். முதல் சில வாரங்கள் நீராகாரமும் கூழ் உணவும்தான். பிறகும் நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் சாப்பிட்டாக வேண்டும். சின்னஞ்சிறு இரைப்பையைச் சோறும் இட்லியும் முதலில் நிரப்பிவிட்டால் புரதத்துக்கு இடமிருக்காது. எனவே முட்டையோ மீனோ பனீரோ பருப்போ முதலில், சோறு கடைசியில். பந்தியில் உட்கார்ந்து சாதத்தை ஒதுக்கிவிட்டுக் கூட்டைச் சாப்பிடும் தைரியமும் வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் மாத்திரைகளை வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டும். மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொட்டத் தொடங்கும். பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். இவ்வளவையும் செய்கிறவரை ‘சுலபமாக இளைத்தவர்’ என்பது எப்படித் தகும்? அதனால் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமலிருப்பது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். சமைப்பவரும் உடன் வாழ்பவரும் மட்டும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

எடை திரும்பிவிடுமா? ஓரளவு திரும்பும், இதை முன்னரே சொல்லாத மருத்துவர் நோயாளிக்குத் தீங்கு செய்கிறார். முதல் ஓரிரு ஆண்டுகளில் எடை மிகக் குறைந்து, பிறகு சற்று ஏறி ஓரிடத்தில் நிற்பதே வழக்கம். சுவீடன் ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள் பத்தாண்டு முடிவில் தொடக்க எடையிலிருந்து சராசரியாக 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். 120 கிலோ இருந்தவர் 90-இல் நிற்பது போல. கல்லூரிக் காலத்து 60 கிலோவை எதிர்பார்த்தவருக்கு இது தோல்வி. சர்க்கரை மாத்திரை குறைந்து, படியேறி, தரையில் உட்கார்ந்து எழ முடிந்தால் போதும் என்றிருந்தவருக்கு இது வெற்றி. ஐயத்தின் பெரும்பகுதி, எதை எதிர்பார்க்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிக்கொள்ளாததில் இருக்கிறது.

அறுவை சிகிச்சைக்கு முன் நடக்கும் மனநல மதிப்பீட்டைப் பலர் தேர்வுபோல் எண்ணி, தேறவேண்டும் என்பதற்காக உண்மையை மறைக்கிறார்கள். இது மிகவும் வருந்தத்தக்கது. அந்தச் சந்திப்பு ஐயத்தைக் கொட்டுவதற்கான இடம். நள்ளிரவில் கட்டுக்கடங்காமல் சாப்பிடும் பழக்கம், மனச்சோர்வு, மதுப்பழக்கம், தற்கொலை எண்ணம் ஆகியவற்றைச் சொன்னால், பெரும்பாலும் முதலில் அவற்றுக்குச் சிகிச்சை, பிறகு அறுவை என்றே முடிவாகும். பைபாஸுக்குப் பின் மது விரைவாக ரத்தத்தில் ஏறுகிறது. மதுப் பிரச்சினையும், ஒரு சிலரிடம் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் கூடுவதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. மணவாழ்வோ வேலையோ சரியாகிவிடும் என்ற நம்பிக்கையில் வருபவர் நிதானிப்பது நல்லது. விரைவில் குழந்தை பெற விரும்பும் பெண்ணும், அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தகைய ஐயங்களை அடக்கிவிடக் கூடாது. அவை தகவல் தருகின்றன.

மற்ற ஐயங்களைக் கரைப்பதில் அறிவுரையைவிடப் பழக்கம் வலியது. சிறு தட்டு, சிறு கவளம், கூழாகும்வரை மெல்லுதல், சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரைமணி இடைவெளி விடுதல் ஆகியவற்றை இரண்டு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடலாம். கல்லீரலைச் சுருக்குவதற்காக அறுவைக்கு முந்தைய சுமார் இரண்டு வாரங்கள் தரப்படும் குறைந்த கலோரி உணவும் இதில் சேரும். அதை முடித்தவருக்குத் தன்னால் முடியும் என்பதற்கு ஒரு சான்று கையில் இருக்கிறது. மூன்று, ஐந்து ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டவர்களைச் சந்தித்துப் பேசுவதும் உதவும். மூன்று மாதம் ஆனவர்களின் உற்சாகத்தைவிட இவர்களின் அனுபவம் பயன்தரும். கேள்விகளை எழுதிக்கொண்டு, குடும்பத்தில் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அறுவை மருத்துவரிடமும் டயட்டீஷியனிடமும் தனித்தனியே கேட்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் ஒப்பாவிட்டால் தள்ளிப்போடலாம். பெரும்பாலும் இது அவசர அறுவை அல்ல. 2025 முதல் இந்தியாவில் டிர்செப்டைடு, செமாகுளூடைடு ஊசிகளும் எடைக் குறைப்புக்குக் கிடைக்கின்றன. அவற்றை நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்புகிறது என்றாலும், சிலருக்கு அவை முதல் வாய்ப்பாகலாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்ட பிறகும், மயக்க மருந்து செலுத்தப்படும்வரை மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அப்படி மறுத்துத் திரும்பியவர் சில மாதங்கள் கழித்து மனம் தெளிந்து மீண்டும் வந்தால், அவரை மறு மதிப்பீடு செய்து அறுவை சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ள எந்த மருத்துவத் தடையும் இல்லை.