தோப்பில் வைக்கும் தீ மலை ஏறினால்...? வரையாட்டுக்கு விருந்து, சாம்பல் நிற அணிலுக்கு எமன்!

ஸ்ரீவில்லிபுத்தூர்,-

தை பிறந்து பனி குறைய ஆரம்பித்ததும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையடிவார தோப்புகளில் ஒரு வேலை தொடங்கி விடும். மா, புளி மரங்களுக்கு அடியில் கிடக்கும் சருகையும் காய்ந்த புல்லையும் குவித்து ஒரு தீக்குச்சியை கிழித்து போட்டு விடுவார்கள். தோப்பு சுத்தம். பாம்பு பயம் இல்லை. வெட்டுக்கூலியும் மிச்சம்.

"நம்ம பட்டா நிலம், நாம கொளுத்துறோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்பவர்கள் உண்டு. "தீ வச்சாத்தானே புதுப்புல்லு முளைக்கும், மானும் மாடும் மேயும்" என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டாவதாக சொல்வதை சும்மா தள்ளி விட முடியாது. அதில் பாதி உண்மை இருக்கிறது.

மூணாறில் நடந்தது

உண்மை இருக்கும் இடத்தை பார்க்க மூணாறு பக்கம் போக வேண்டும். அங்குள்ள இரவிகுளம் புல்வெளி ஒரு காலத்தில் அரசு காடு கிடையாது. கண்ணன் தேவன் தேயிலை கம்பெனி வசம் இருந்த தனியார் நிலம். தோட்டத்து துரைமார்கள் அதை தங்கள் வேட்டைக்காடாக வைத்திருந்தனர். வேட்டைக்கு வரையாடு வேண்டும், வரையாட்டுக்கு இளம்புல் வேண்டும். அதனால் முதுவர் பழங்குடியினரை காவலுக்கு வைத்து, புல்வெளியை பகுதி பகுதியாக எரிக்கும் பழக்கம் வந்தது. 1971-ம் ஆண்டு கேரள அரசு சட்டம் போட்டு கம்பெனியின் உபரி நிலத்தை எடுத்துக்கொண்டது. இரவிகுளம் 1975-ல் சரணாலயம் ஆனது. 1978-ல் தேசிய பூங்கா ஆனது. நிலம் கை மாறியும் எரிக்கும் முறையை வனத்துறை விட்டு விடவில்லை.

காரணம் இது தான். மலை உச்சி புல் முற்றினால் ஈர்க்குச்சி மாதிரி ஆகி விடும். ஆடு வாய் வைக்காது. குளிர் காலத்தில், தரையில் ஈரம் இருக்கும்போது லேசாக எரித்தால் மேலே இருக்கும் காய்ந்த புல் மட்டும் கருகும். வேர் தப்பி விடும். சில வாரங்களில் இளம்புல் தலை காட்டும். ஒரு வருஷம் எரித்த இடத்தை அடுத்த வருஷம் தொடுவது இல்லை. வருஷா வருஷம் ஒரே இடத்தை கொளுத்தினால் பக்கத்தில் உள்ள சோலைக்காட்டின் ஓர மரங்கள் கருகி, காடு சுருங்கிக்கொண்டே போகும்.

கர்நாடகாவில் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளகர்களும் இதே கதையைத்தான் சொல்கிறார்கள். முன்பு கோடைக்கு முன்னாலேயே சருகுக்கு மட்டும் சின்ன தீ வைப்பார்களாம். அதற்கு தடை வந்த பிறகு தான் உண்ணிச்செடி காட்டையே மூடி விட்டது என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் பைன் காடு வைத்திருக்கும் தனியார்கள் காடைக்காகவும் மானுக்காகவும் அனுமதி வாங்கி எரிக்கிறார்கள். அதற்கென பயிற்சி பெற்று சான்றிதழ் வாங்கியவர்களும் அங்கே இருக்கிறார்கள்.

நம்ம மலை வேற!

அப்படியானால் நம் ஊர் தோப்பிலும் எரிக்கலாமே என்றால், அங்கே தான் சிக்கல்.

நம் மலையிலும் பேய்மலை மொட்டை போன்ற உச்சிகளில் புல்வெளியும் வரையாடும் உண்டு. ஆனால் அது மேலே, எல்லாம் அரசு காடு. பட்டா தோப்புகள் இருப்பது கீழே. கீழே இருக்கும் விருந்தாளி வரையாடு அல்ல, சாம்பல் நிற அணில்.

1988-ல் இங்கே சரணாலயம் அறிவித்ததே இந்த அணிலுக்காகத்தான். 2021 பிப்ரவரியில் மேகமலையையும் சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. பரப்பு ஆயிரம் சதுர கி.மீ.க்கு மேல். ஆனால் அணிலுக்கு காப்பகத்தின் எல்லைக்கல் எது என்று தெரியுமா? செண்பகத்தோப்பு, அய்யனார்கோவில் பக்கம் ஓடைக்கரை மரங்களில் இருந்து அப்படியே தாவி தனியார் மாந்தோப்பு, தென்னந்தோப்புக்குள் வந்து விடும். மாங்காய், புளி, இளநீர் எதையும் விடாது. சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்க்கும் தோப்புக்காரருக்கு அது எரிச்சல் தான். ஆனாலும் அதற்கு அந்த தோப்பும் வீடு.

இந்த அணில் முடிந்த வரை தரையில் இறங்காது. கிளையோடு கிளை கோர்த்து நிற்கும் உயரமான மரங்களில் கூடு கட்டும். ஆபத்து வந்தால் அடுத்த மரத்துக்கு பாயும். அடியில் எரியும் சருகுத்தீ சின்னதாக இருந்தாலும் மரப்பட்டை வெந்து விடும். பெரிய மரம் உடனே சாகாது. நாலைந்து வருஷம் தொடர்ந்து சூடு பட்டால் ஒரு பக்கம் பட்டுப்போகும். கீழே முளைத்த கன்றுகள் முதல் தீயிலேயே காலி. ஒரு மரம் விழுந்தால் கிளைப்பாலம் அறுந்தது. அணில் தரையில் இறங்கித்தான் அடுத்த மரத்துக்கு போக வேண்டும். அங்கே நாய் காத்திருக்கும்.

இன்னொரு விஷயம், மலையடிவாரத்தில் தீ மேல் நோக்கித்தான் ஓடும். மேலே இருக்கும் புல்லை கீழே எரியும் தீயே சூடாக்கி காய வைத்து விடுவதால், சமவெளியை விட சரிவில் வேகம் அதிகம். 2018 மார்ச் 11-ந்தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் சென்றவர்கள் தீயில் சிக்கி 23 பேர் பலியானது யாருக்கும் மறந்திருக்காது. காய்ந்த புல், சரிவு, காற்று மூன்றும் சேர்ந்தால் மனுஷனால் ஓடி ஜெயிக்க முடியாது. சதுரகிரி மலைக்கு கூட காட்டுத்தீயால் பக்தர்கள் செல்ல தடை போட்டது பலமுறை நடந்திருக்கிறது.

மாட்டுவது யார்?

சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும்படி தீ மூட்டக்கூடாது என்கிறது 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டத்தின் 30-வது பிரிவு. காப்புக்காட்டில் தீ வைப்பது 1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச்சட்டப்படியும் குற்றம். தோப்பில் வைத்த தீ எல்லை தாண்டினால் "நான் காட்டுக்கு வைக்கவில்லை" என்று சொல்லி தப்புவது கஷ்டம். அஜாக்கிரதையாக தீயை கையாள்வதே தனி குற்றம். கொளுத்த சொன்னவர் டவுனில் இருப்பார், தீக்குச்சி கிழித்த கூலியாள் கையும் களவுமாக சிக்குவார். "முதலாளி சொன்னாரு" என்ற ஒரு வார்த்தையை நம்பி தீ வைக்கும் தொழிலாளி இதை யோசிக்க வேண்டும். இப்போது செயற்கைக்கோள் வழியாக தீ பிடித்த இடம் வனத்துறையினரின் செல்போனுக்கே எஸ்.எம்.எஸ். ஆக வந்து விடுகிறது.

வனத்துறையும் எரிக்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். ஆமாம், கோடைக்கு முன்பு தீத்தடுப்பு கோடு போடும்போது எரிப்பார்கள். அகலமான பட்டையாக புல்லையும் செடியையும் வெட்டி, காய வைத்து, ஆட்கள் இரண்டு பக்கமும் நிற்க, அந்த பட்டையை மட்டும் எரிப்பார்கள். கோடையில் தீ வந்தாலும் எரிய எதுவும் இல்லாமல் அங்கே நின்று விடும்.

தோப்புக்காரர் செய்ய வேண்டியதும் அந்த கோடு தான், ஆனால் நெருப்பு இல்லாமல். காட்டை ஒட்டிய வேலி ஓரமாக மண் தெரியும்படி செதுக்கி விட்டால் போதும். சருகை மரத்தடியில் இருந்து தள்ளி குழியில் போட்டு சாணி கரைத்து ஊற்றினால் ஆடி மழைக்கு உரமாகி விடும். மரத்தடியில் பரப்பி விட்டாலும் கோடையில் ஈரம் காக்கும். இதற்கு இரண்டு ஆள் கூலி கூடுதலாகும், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த கூலி உள்ளூர் ஆட்களுக்குத்தானே போகிறது.

சமையலுக்கோ, தேன் எடுக்கவோ, பீடிக்கோ நெருப்பு வைத்தவர்கள் தண்ணீர் ஊற்றி, சாம்பலை கிளறி, கையை மேலே வைத்து பார்த்து விட்டு தான் நகர வேண்டும். மேலே சாம்பல் பூத்து உள்ளே கங்கு கிடந்தால், மத்தியானம் அடிக்கும் காற்றுக்கு அதுவே போதும். மலையில் புகை தெரிந்தால் உடனே வனத்துறைக்கோ, 101-க்கோ தகவல் சொல்லலாம்.