எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் தேதி

எங்கள் கோலார் தங்கவயலில் மணி பார்க்கக் கடிகாரம் வேண்டாம். சுரங்கத்துச் சங்கு ஊதினால் ஷிப்ட் மாறுகிறது என்று அறிவோம். பூமிக்கடியில் வேலை பார்த்த அப்பாவுக்கோ பகலும் இரவும் ஒன்றுதான்.

அந்தச் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும் ஜப்பான், இங்கிலாந்து விஞ்ஞானிகளும் காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோ துகள்களின் தடயத்தை 1965இல் கண்டார்கள். இத்தகைய ஆய்வில் என்ன வந்தது என்பதோடு, எப்போது வந்தது என்பதும் முக்கியம்.

கம்ப்யூட்டர் பெரும்பாலும் நம்மைப் போல் தேதி எழுதி வைப்பதில்லை. யூனிக்ஸ் முறையில் 1970 ஜனவரி 1, கிரீன்விச் நள்ளிரவிலிருந்து விநாடிகளை எண்ணுகிறது. அதைத் தேதியாக்குவது நம் பொறுப்பு.

உதாரணத்துக்கு 541064141 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளுக்கு 86400 விநாடி. வகுத்தால் 6262 நாட்கள். மீதி 27341 விநாடி, அதாவது 7 மணி 35 நிமிடம் 41 விநாடி. 1970 முதல் 1986 முடிய 17 ஆண்டுகளுக்கு, 4 லீப் நாட்களும் சேர்த்து, 6209 நாட்கள். மிச்சம் 53. ஜனவரி 1இலிருந்து 53 நாள் தள்ளினால் 1987 பிப்ரவரி 23!

வெடித்த விண்மீன் ஒன்றிலிருந்து வந்த நியூட்ரினோக்கள் அமெரிக்காவில் ஒஹாயோ உப்புச் சுரங்கக் கருவியில் பதிவான நேரம் அது. ஜப்பானின் கமியோகா சுரங்கத்திலும் அவை பதிவாயின. ஆனால் அங்கிருந்த கடிகாரத்தில் ஒரு நிமிடம் வரை பிழை இருக்கலாம் என்பதால், இரண்டையும் விநாடிக் கணக்கில் ஒப்பிட முடியவில்லை.

இன்னொரு சிக்கல், ஊர் நேரம். அதே கணம் ஒஹாயோவில் விடியற்காலை 2.35, தங்கவயலில் பிற்பகல் 1.05, ஜப்பானில் மாலை 4.35.

இதில் நானும் சறுக்கியிருக்கிறேன். என் முதல் வேலையில், ஏற்கெனவே இந்திய நேரமாக இருந்த பதிவுகளுக்கு மறுபடியும் ஐந்தரை மணி கூட்டிவிட்டேன். இரவு 8 மணிப் பதிவுகளெல்லாம் மறுநாள் கணக்கில் போய்ச் சேர்ந்தன. ஒரு வார உழைப்பு வீண். மூத்தவர் ஒருவர் கோபப்படாமல், "தம்பி, இது எந்த ஊர் மணி?" என்று மட்டும் கேட்டார். இன்றுவரை மறக்கவில்லை.

2001இல் சுரங்கம் மூடப்பட்டது. அப்பாவின் ஷிப்டும் பழங்கதையாயிற்று. எஞ்சியவை பதிவுகளே. கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: எண்ணை எழுதும்போதே, எங்கிருந்து எண்ணியது, எந்த ஊர் நேரம் என்ற இரண்டையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவருக்கு அது வெறும் எண்தான்.