நாலு ஃபில்டர், ஒரு ஃபேன்

ஜோசப் காலெட் என்ற ஆங்கிலேய கவர்னர் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய இடம் வடசென்னையின் காலடிப்பேட்டை. இன்று அதன் ஒரு பக்கம் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள். இன்னொரு பக்கம் மணலி ஆலைகளின் புகைபோக்கிகள். கடுமையான ஆஸ்துமா உள்ளவருக்கு இங்கே ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதே தினமும் கவலை. ஒரு படுக்கையறையையாவது அவருக்குப் பத்திரமாக்க முடியும். அதற்கான பெட்டியை வீட்டிலேயே செய்யலாம்.

கோர்சி-ரோசன்தால் பெட்டி என்று அதற்குப் பெயர். கொரோனா பரவிய 2020இல் அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் கோர்சியும், ஃபில்டர் தயாரிக்கும் ஜிம் ரோசன்தாலும் உருவாக்கியது. நாலு ஃபில்டர்களைச் சதுரமாக நிறுத்தி, அடியில் அட்டை வைத்து, மேலே ஃபேனைப் பொருத்தி, இடுக்குகளையெல்லாம் டேப்பால் அடைக்க வேண்டும். ஃபேன் காற்றை மேலே தள்ளும்போது, அறைக்காற்று நாலு பக்கமும் ஃபில்டர் வழியாக உள்ளே இழுபடும். அமெரிக்காவின் பெட்டி ஃபேனுக்குப் பதில் நம்மூரில் எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்தலாம். டேப் ஒட்டுவதில் சோம்பல் கூடாது. ஓட்டை இருந்தால் காற்று ஃபில்டரை விட்டுவிட்டு அதன் வழியே போய்விடும்.

மூக்கில் துண்டைக் கட்டினால் டீசல் கரி நிற்காது. நெய்த துணியின் கண்கள் அதற்கு மிகப் பெரியவை. ஃபில்டரோ நெய்யாத இழைகளின் அடர்ந்த பரப்பு. பெரிய துகள்கள் காற்றோடு வளைந்து திரும்ப முடியாமல் இழையில் மோதுகின்றன. மிக நுண்ணியவை தாறுமாறாக அலைந்து, தாமாகவே போய் ஒட்டிக்கொள்கின்றன. பிடிக்கக் கடினமானவை இடைப்பட்டவை, சுமார் 0.3 மைக்ரான் அளவுள்ளவை.

ஃபில்டரின் திறனைக் குறிக்கும் அளவுகோல் மெர்வ். பெட்டிக்கு ஏற்ற மெர்வ் 13 தர ஃபில்டர், 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்களில் பாதியையாவது பிடிக்க வேண்டும். பாதிதானா என்று கைவிட வேண்டாம். தப்பியது அடுத்த சுற்றில் மறுபடி அதே ஃபில்டருக்கு வரும். பத்தடிக்குப் பத்தடி அறை, உயரமும் பத்தடி என்றால் அதில் ஆயிரம் கன அடி காற்று. நிமிடத்துக்கு 100 கன அடி சுத்தக் காற்றைப் பெட்டி தந்தால், அறைக்காற்று முழுவதற்கும் ஈடான அளவு மணிக்கு 6 முறை கிடைக்கும்.

அந்த அறையில் கொசுவத்தி கொளுத்தவே கூடாது. ஒரு சுருள் வெளியிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கொசுவலை கட்டுங்கள். ஓசோன் விடும் கருவிகளையும் வாங்காதீர்கள். ஓசோன் மூச்சுக்குழாயைப் புண்படுத்தும்.

இந்தப் பெட்டி வாயுவைப் பிடிக்காது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. அப்படி ஒரு இரவில் பெட்டியை நம்பி உட்காரக் கூடாது. காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும். மருத்துவர் தந்த இன்ஹேலரையும் பெட்டி வந்துவிட்டதென்று நிறுத்தக் கூடாது.

வெளியே போகும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என்95 முகக்கவசம் போடுங்கள். மூக்குத்தண்டில் கம்பி படிந்து, ஓரத்தில் காற்று கசியாமல் இருந்தால்தான் பயன். காரில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால், உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அழுத்துங்கள். நெடும்பயணத்தில் சாலை தெளிந்ததும் அதை எடுத்துவிட்டு வெளிக்காற்றை விடுங்கள். இல்லையென்றால் கரியமில வாயு சேர்ந்து ஓட்டுநருக்குத் தூக்கம் வரும்.