அக்னி நட்சத்திர வெயில் தெற்கு ஜன்னல் பக்கமே வராது, தெரியுமா?

மே மாதம். சென்னையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது. அந்த நாள்களில் உங்கள் வீட்டுத் தெற்குச் சுவரில் சூரியனின் நேர்க்கதிர் ஒன்றுகூட விழுவதில்லை, தெரியுமா? காலையில் இல்லை, உச்சியில் இல்லை, மாலையிலும் இல்லை! சென்னை இருப்பது வடக்கு 13 பாகையில். ஏப்ரல் கடைசி வாரத்தில் சூரியன் சென்னையின் உச்சந்தலைக்கு நேரே வந்துவிட்டு, அதையும் தாண்டி வடக்கே போய்விடுகிறது. திரும்பி வர ஆகஸ்ட் நடுப்பகுதி ஆகும். இடைப்பட்ட நாள்களில் எல்லாம், உதயம் முதல் அஸ்தமனம் வரை, அது வடக்கு வானத்தில்தான் நகர்கிறது. கன்னியாகுமரியில் இந்தக் கணக்கு இன்னும் நீளம்: ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கி ஆகஸ்ட் முடியும்வரை!

ஸ்கிரீன் துணி வாங்கக் கடைக்குப் போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. ஏனென்றால், எல்லா ஜன்னலுக்கும் ஒரே துணி, ஒரே கனம், ஒரே டிசைன் என்று வாங்குவதுதான் நம் வழக்கம். சோபா நிறத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறோம். ஜன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்!

தெற்கு ஜன்னலுக்கு மெல்லிய பருத்தி போதும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும்போதுதான் அங்கே வெயில் அதிகமாக எட்டிப் பார்க்கும். அது இதமான வெயில், வரட்டும். கிழக்கிலும் வெயில் தாழ்வாகத்தான் நுழையும், ஆனால் இரவெல்லாம் ஆறிய சுவர் அதைத் தாங்கிக்கொள்ளும். மேற்குதான் வில்லன். மே மாத நடுவில், மாலை நாலரை மணிக்குச் சென்னையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 26 பாகை உயரத்தில் நிற்கிறது. ஜன்னலுக்கு மேல் 2 அடி நீட்டிய சன்ஷேடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் அது தரும் நிழல் எவ்வளவு தெரியுமா? வெறும் 1 அடி! 4 அடி உயர ஜன்னலில் மீதி 3 அடி வழியாகவும் வெயில் நேரே கட்டில்மேல் வந்து விழும். இரவு பதினொரு மணிக்கும் அந்த அறை கொதிப்பது இதனால்தான்.

சரி, மேற்கில் கனமான திரை போட்டால் தீர்ந்ததா? அதுதான் இல்லை! கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரை தடுக்கலாம். ஆனால் அந்த வெப்பத்தைத் துணி உறிஞ்சி, அறைக்குள்ளேயே மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். அடர்நிறத் துணி என்றால் இன்னும் மோசம். அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்கைப் பாருங்கள்: பின்புறம் வெள்ளை பிளாஸ்டிக் பூச்சு உள்ள நடுத்தர நிறத் திரை, உள்ளே வரும் வெயில் வெப்பத்தை 33 சதவீதம் குறைக்கும். அதே மேற்கு ஜன்னலுக்கு வெளியே துணிப்பந்தல் போல ஒரு சாய்ப்பு போட்டாலோ, 77 சதவீதம் வரை! அது அந்த நாட்டு வெயிலுக்கான எண் என்றாலும், இயற்பியல் ஒன்றுதான். கண்ணாடிக்கு வெளியே நிறுத்திய வெயில் வீட்டுக்குள் வரவே வராது. திண்ணையிலும் தாழ்வாரத்திலும் மூங்கில் தட்டி கட்டித் தொங்கவிட்ட நம் பெரியவர்கள் செய்தது முழுக்க முழுக்கச் சரி!

தட்டி என்றதும், தண்ணீர் தெளித்துத் தொங்கவிடும் வெட்டிவேர்த் தட்டி ஞாபகம் வருகிறதா? அதன் ரகசியம் வாசனை அல்ல, தண்ணீர். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும் வெப்பம் எவ்வளவு தெரியுமா? ஒன்றரை டன் ஏசி ஏறக்குறைய ஏழரை நிமிடம் முழு வேகத்தில் ஓடி வெளியேற்றும் வெப்பம்! ஒரு செம்புத் தண்ணீருக்கு அவ்வளவு சக்தி. ஒரு நிபந்தனை மட்டும்: காற்று வறண்டிருக்க வேண்டும். கரூரிலும் வேலூரிலும் கோடைக் காற்றில் இது அற்புதமாக வேலை செய்யும். கடலோரச் சென்னையின் புழுக்கத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அறையில் ஈரம்தான் சேரும்.

இன்னொரு அதிசயம் கேளுங்கள். ஜப்பானில் ஜன்னலுக்குத் திரையாகப் பாகற்கொடியை வளர்க்கிறார்கள்! தரையிலிருந்து கூரை வரை வலை கட்டி, அதில் கொடியைப் படரவிட்டால் கோடைக்குள் பச்சைத் திரை தயார். வீடுகளில் மட்டுமல்ல, பள்ளிக்கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும்கூட! 2011 ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின் மின்சாரத்தைச் சேமிக்க வேண்டிய நெருக்கடி வந்தபோது, இந்தப் பழக்கம் அங்கே வேகமாகப் பரவியது. நிழலுக்கு நிழல், பொரியலுக்குப் பாகற்காய்! நம் மேற்கு பால்கனிகளில் இதைச் செய்ய என்ன தடை? ஒரு வலை, இரண்டு தொட்டி, ஒரு பிடி விதை. அவ்வளவுதான்.

இப்போது துணிக்கு வருவோம். நம் சோழமண்டலக் கரையில் எழுதிய பூத்துணியைக் கண்டு இரண்டு ஐரோப்பிய நாடுகள் சட்டம் போட்டுப் பயந்தன, தெரியுமா? பிரான்ஸ் 1686-ல் தடை விதித்தது. 1759 வரை அது நீடித்தது. இங்கிலாந்து முதலில் இறக்குமதியைத் தடுத்தது. அதற்கும் மசியாமல் மக்கள் வாங்கிக் குவிக்கவே, 1721-ல் வந்த சட்டம் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்துவதையே குற்றமாக்கியது! உள்ளூர் நெசவாளர்களின் பிழைப்பு போகிறது என்ற கூக்குரல்தான் காரணம்.

அப்படி என்ன மாயம் அந்தத் துணியில்? துவைத்தாலும் போகாத சாயம்! ஐரோப்பியர்களுக்கு அன்று கைவராத வித்தை அது. துணியைக் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைப்பார்கள். பால் எதற்கு? எழுதும் கோடு கசிந்து பரவாமல் இருக்க. பிறகு, சிவப்பு வர வேண்டிய இடத்தில் மட்டும் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். அப்புறம் துணி முழுவதையும் சாயவேர் கொதிக்கும் பாத்திரத்தில் முக்குவார்கள். முழுத் துணியும் சிவந்துதானே வரும்? அலசிப் பாருங்கள்! படிகாரம் தொட்ட கோடுகளில் மட்டும் சிவப்பு நிற்கும், மற்ற இடத்தில் கழுவிப் போய்விடும். இழைக்கும் சாயத்துக்கும் நடுவே படிகாரம் போடும் முடிச்சு அது. கலம்காரி என்னும் அந்தத் துணியில் இன்றும் ஜன்னல் திரை தைக்கலாம். நேர் வெயில் தாழ்ந்து நுழையும் கிழக்கிலும் மேற்கிலும் மட்டும் வேண்டாம். வடக்கிலோ தெற்கிலோ போட்டு, பின்னால் வெள்ளை லைனிங் கொடுங்கள்.

ஸ்காட்லாந்தில் நியூமில்ன்ஸ் என்ற சிற்றூரில் நெய்யப்படும் ஒரு மெல்லிய ஜன்னல் திரைத்துணிக்கு இன்றைக்கும் பெயர் 'மெட்ராஸ்'! அங்கேயிருந்து அது உலகமெங்கும் போகிறது. இங்கே நம் கரூரோ, நாடு நாடாகத் திரைத்துணியும் மேசைவிரிப்பும் ஏற்றுமதி செய்துகொண்டிருக்கிறது. கரூர்ப் பக்கம் போனால் கையோடு வாங்கி வரலாம்.

வாங்கும்போது சில விஷயங்கள். 6 அடி அகல ஜன்னலுக்கு 6 அடித் துணி போதாது. இரண்டு மடங்கு வேண்டும், அப்போதுதான் மடிப்பு விழும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 அடி அகலம் என்பதால் மூன்று பீஸ் என்று கணக்கு வையுங்கள். பருத்தி என்றால் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். சுருங்குவது அப்போதே சுருங்கிவிடட்டும். வளையம் பதித்த ஐலெட் திரையில் வளையங்களை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு பீஸிலும் இரட்டைப்படையில் இருக்க வேண்டும்! ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் சுவர்ப் பக்கம் மடங்கும், மறு ஓரம் அறைப் பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும். 'பிளாக்அவுட்' என்று எழுதியிருப்பதை நம்பாதீர்கள். மொபைல் டார்ச்சைத் துணிக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். ஒளி துளித்துளியாகத் தெரிந்தால் அது அரைகுறை இருட்டுதான். தூங்கும் நேரத்தில் கண்ணில் வெளிச்சம் பட்டால் மெலடோனின் சுரப்பு குறையும் என்பதால், இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குபவர்களுக்கு இந்தச் சோதனை ரொம்ப முக்கியம்.

பகலில் வெளியே இருப்பவர் கண்ணுக்கு எதுவும் காட்டாத வலைத்துணி, இரவில் விளக்குப் போட்டதும் உங்களை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும், தெரியுமா? வெளிச்சம் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம்தான் தெரியும். தெருவோர வீட்டுக்கு வலைத்துணியோடு இன்னொரு அடுக்குத் திரையும் கட்டாயம்.

கடைசியாக, ரொம்ப முக்கியமான ஒன்று. ரோலர், ஜீப்ரா, ரோமன் என்று இப்போது வீடுதோறும் வரும் பிளைண்டுகளின் ஓரத்தில் வளையமாகத் தொங்குகிறதே ஒரு கயிறு அல்லது மணிச்சங்கிலி, அது குழந்தையின் கழுத்தில் சுற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் மட்டும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆண்டுக்குச் சராசரியாக 9 பேர் இப்படி இறக்கிறார்கள் என்கிறது அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம். சத்தமே வராது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கயிறில்லாத பிளைண்டைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால், கயிற்றையோ சங்கிலியையோ தளர்வில்லாமல் இழுத்துச் சுவரில் கிளிப் அடித்து இறுக்கமாகப் பொருத்துங்கள். தொட்டிலையும் கட்டிலையும் சோபாவையும் அந்த ஜன்னலை விட்டுத் தள்ளிப் போடுங்கள். இதை நாளைக்கு என்று வைக்காதீர்கள், இன்றைக்கே செய்துவிடுங்கள்.