சார்லஸ் மோல்டன் எழுதுகிறார்

வொண்டர் வுமனை உருவாக்கிய வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் 1947 மே மாதம் காலமானார். காமிக்ஸ் நிற்கவில்லை. அடுத்தடுத்த இதழ்கள் வழக்கம்போலக் கடைக்கு வந்தன. முதல் பக்கத்தில் வழக்கம்போல ‘சார்லஸ் மோல்டன்’ என்ற பெயர் இருந்தது. அது மார்ஸ்டனின் புனைபெயர். ஆள் போன பிறகும் பெயர் போகவில்லை. அதன் மறைவில் ராபர்ட் கானிகர் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் எழுதித் தள்ளினார். பத்து சென்ட் கொடுத்து இதழை வாங்கிய சிறுமிக்கு எழுத்தாளர் மாறியதே தெரியாது. அம்மாவுக்குப் பதில் சித்தி சமைத்த மாதிரி, ருசியில் ஏதோ வித்தியாசம் பட்டிருக்கலாம். அவ்வளவுதான்.

இன்றைக்கு வாருங்கள். 2023-இல் வொண்டர் வுமனை டாம் கிங் எழுதப்போகிறார் என்ற அறிவிப்பு வந்ததும் ரசிகர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒரு பக்கம்கூட வெளிவரவில்லை. ‘மிஸ்டர் மிராக்கிள்’ எழுதியவர் ஆயிற்றே என்றது ஒரு கட்சி. ‘ஹீரோஸ் இன் கிரைசிஸ்’ எழுதிய பாவியும் இவர்தானே என்றது மறு கட்சி. முன்பு சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர் என்பதையும் சிலர் கிளறினார்கள். மாப்பிள்ளையைக் கண்ணால் பார்க்கும் முன்பே அவன் பூர்வோத்தரத்தை ஊரெல்லாம் விசாரிப்பது போல.

இதை வெறும் அவசரக்குடுக்கைத்தனம் என்று நான் ஒதுக்கமாட்டேன். அமெரிக்க காமிக்ஸ் வியாபாரமே அப்படி மாறிவிட்டது. அன்று பத்திரிகைக் கடைகளில் விற்காத பிரதியைத் திருப்பி அனுப்பிவிடலாம். 1970களில் வேரூன்றிய நேரடி விற்பனை முறையில் காமிக்ஸ் கடைக்காரர் எத்தனை பிரதி வேண்டும் என்பதை வாரக்கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மிஞ்சியது பெரும்பாலும் அவர் தலையில். அதனால் வாடிக்கையாளர்களின் மனத்தைப் பார்த்துத்தான் எண்ணிக்கையை எழுதுவார். படிக்காமலே ரசிகர் சொல்லும் ‘எனக்கு வேண்டாம்’ அங்கே பணமாகவே கணக்கில் ஏறுகிறது.

அதற்காக அன்றைய வாசகர்களை வாயில்லாப் பூச்சிகள் என்று நினைக்க வேண்டாம். ஜஸ்டிஸ் சொசைட்டி என்ற வீரர் குழுவில் வொண்டர் வுமன் என்ற பெண்ணைச் சேர்க்கலாமா என்று 1942-இல் வாசகர்களிடம் கேட்டார்கள். முதலில் வந்த 1,801 பதில்களில் 1,265 பையன்களும் 333 பெண்களும் ‘சரி’ என்றார்கள். வேண்டாம் என்ற பையன்கள் 197, பெண்கள் ஆறே ஆறு. பிள்ளைகள் அவளைக் குழுவில் கேட்டார்கள்; அந்தத் தொடரை எழுதிய கார்ட்னர் பாக்ஸ் அவளைக் குழுவின் செயலாளராக்கி உட்கார வைத்தார். ஆண்கள் போருக்குக் கிளம்ப, அவள் வழியனுப்பினாள்.

உண்மையான புயல் 1968-இல் கிளம்பியது. எழுத்தாளர் டென்னிஸ் ஓநீலும் ஓவியர் மைக் செகோவ்ஸ்கியும் டயானாவின், அதாவது வொண்டர் வுமனின், சக்திகளைப் பிடுங்கினார்கள். கயிறு இல்லை, காப்பு இல்லை. துணிக்கடை வைத்தாள், கண் தெரியாத சீன ஆசான் ஒருவரிடம் சண்டை பயின்றாள். சொந்தக் காலில் நிற்கும் பெண்ணைப் படைக்கிறோம் என்றுதான் ஓநீல் நம்பியிருந்தார். பெண்ணியவாதி குளோரியா ஸ்டைனம் அப்படிப் பார்க்கவில்லை. சிறுவயதில் டயானாவைப் படித்து வளர்ந்தவர் அவர். இருக்கிற ஒரே பலசாலிப் பெண்ணின் பலத்தையும் பறிப்பதா என்று கொதித்தார். 1972 ஜூலையில் அவருடைய ‘மிஸ்’ இதழின் அட்டையில் பழைய உடையோடு டயானா ராட்சத உருவமாக நடந்து வந்தாள். தாம் செய்தது தவறு என்று ஓநீல் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆனால் இந்த வெற்றியில் ஒரு கசப்பு உண்டு. அதே 1972-இல் சாமுவேல் டிலேனி என்ற அருமையான அறிவியல் புனைகதைக்காரர் எழுத வந்திருந்தார். கடைப் பெண்களின் சம்பளப் பிரச்சினையைக் கையிலெடுத்து, மேலும் பல இதழ்களுக்குத் திட்டம் போட்டிருந்தார். பழைய டயானா திரும்பியாக வேண்டும் என்று முடிவானதும் இரண்டே இதழ்களோடு அது நின்றது. பெண்ணியக் கதை பெண்ணியப் போராட்டத்தால் நின்றுபோனது.

திரும்பி வந்த எழுத்தாளர் யார் தெரியுமா? கானிகரேதான். 1973-இல் வந்த 204-ஆம் இதழில் சக்திகள் திரும்பின. அதன் தொடக்கத்திலேயே ‘டாட்டி காட்டன்மேன்’ என்ற பெண் பத்திரிகை ஆசிரியர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சிறிது காலம் இந்தத் தொடருக்கு ஆசிரியராக இருந்த டோரதி வுல்ஃபோக்கைத்தான் அந்தப் பெயர் குத்திக்காட்டுகிறது என்பது பலருடைய கணிப்பு. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இப்போதெல்லாம் இப்படிக் கணக்குத் தீர்ப்பது கதைக்குள்ளேயே பகிரங்கமாக நடக்கிறது. 2011-இல் வந்த பிரையன் அஸரெல்லோ, களிமண்ணில் பிறந்தவளை ஸியூஸின் மகளாக்கினார். அவளுடைய இனத்தவரான அமேசான் பெண்கள் மாலுமிகளை மயக்கிக் கொல்பவர்கள் என்றும் எழுதினார், ரசிகர்கள் பொங்கினார்கள். 2016-இல் மீண்டும் எழுத வந்த கிரெக் ரக்கா தம் முதல் கதைக்கு வைத்த தலைப்பே ‘பொய்கள்’. டயானா தன் தீவு என்று நம்பித் திரும்பிப் போய்வந்த இடமே மாயம் என்று முடித்தார்.

இந்தக் கதைகளுக்கு முன்பே, 2007-இல் கெயில் சிமோன் வந்திருந்தார். சிகையலங்காரத் தொழிலில் இருந்த ரசிகை அவர். காமிக்ஸில் கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களை 1999-இல் பட்டியல் போட்டுக் கேள்வி கேட்டவர். கேள்வி கேட்டவரே எழுதும் நாற்காலிக்கு வந்தார். இந்தத் தொடரை நீண்டகாலம் எழுதப்போகும் முதல் பெண் என்று கொண்டாடினார்கள்.

முதல் பெண்ணா? 1944-இல் மார்ஸ்டனைப் போலியோ முடக்கியபோது, அவரிடம் படித்த ஜாய் ஹம்மல் என்ற இளம்பெண் கதை எழுத உட்கார்ந்தார். 1947 வரை எழுபதுக்கும் மேற்பட்ட கதைகள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்: சார்லஸ் மோல்டன். தகுந்த அங்கீகாரம் கிட்டாத காமிக்ஸ் எழுத்தாளர்களுக்கான பில் ஃபிங்கர் விருது 2018-இல்தான் அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது 94. அதே ஆண்டு அதே விருதை, மறைந்துவிட்ட டோரதி வுல்ஃபோக்குக்கும் கொடுத்தார்கள்.