ஈயும் மைத்துளியும்

முதல் உலகப்போரில் உயிரிழந்த பிரித்தானியப் பேரரசின் வீரர்களை, வீழ்ந்த மண்ணிலேயே அடக்கம் செய்வது என அவ்வரசு முடிவு செய்தது. படைத்தலைவர், கடைநிலை வீரர் என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் ஒரே வடிவிலான கல் என்பதும் விதியாயிற்று. ஆகவே, மகனைப் பறிகொடுத்த பெற்றோர் அவன் கல்லறையைக் காணக் கடல் கடக்க வேண்டியிருந்தது. செல்ல இயலாதோரும் இருந்தனர். செல்லத் துணியாதோரும் இருந்தனர். துணியாத ஒருவரைப் பற்றிய கதையே, கேத்தரின் மேன்ஸ்ஃபீல்டு 1922இல் எழுதிய 'ஈ'.

நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் 1888இல் பிறந்தவர் மேன்ஸ்ஃபீல்டு. அவருடைய தம்பி லெஸ்லி, 1915 அக்டோபரில் பெல்ஜியத்தில் கையெறிகுண்டுப் பயிற்சி அளித்துக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்து மாண்டார். கதையை எழுதிய காலத்தில் காசநோயால் நலிந்திருந்த மேன்ஸ்ஃபீல்டு, 1923 சனவரியில் தம் 34ஆம் வயதில் மறைந்தார். இச்செய்திகள் கதைக்குப் பின்புலமாகுமேயன்றி விளக்கமாகிவிடா. கதையில் அழ முயல்பவர் ஒரு தமக்கை அல்லர். வணிகம் செய்து செழித்த ஒரு தந்தை.

அவருக்குக் கதையில் பெயரில்லை. 'முதலாளி' என்றே குறிக்கப்படுகிறார். பக்கவாதத்தால் தளர்ந்து பணி ஓய்வு பெற்ற உட்டிஃபீல்டு என்னும் முதியவர், செவ்வாய்க்கிழமைதோறும் வெளியே செல்ல வீட்டாரிடம் இசைவு பெற்றவர். முதலாளியைக் காண வருகிறார். முதலாளியோ அவரினும் ஐந்தாண்டு மூத்தவர்; ஆனாலும் உடலுரம் குன்றாதவர். புதிய கம்பளம், புதிய அறைகலன்கள், மின் கணப்பு என ஒவ்வொன்றாய்ப் பெருமையுடன் காட்டுகிறார். மேசைக்குமேல் சீருடை அணிந்த இளைஞனின் ஒளிப்படம் ஒன்றுண்டு. அதை மட்டும் அவர் சுட்டுவதில்லை. அது புதியதன்று, ஆறாண்டுகளாக அங்கேயே இருப்பது.

சொல்ல வந்த ஒன்றை மறந்து தவிக்கும் உட்டிஃபீல்டுக்கு, முதலாளி அளித்த விஸ்கி நினைவை மீட்கிறது. பெல்ஜியத்தில் தம் மகன் ரெஜ்ஜியின் கல்லறையைக் காணச் சென்ற தம் பெண்கள், அருகே முதலாளி மகனின் கல்லறையையும் கண்டார்களாம். இடம் அழகாகப் பேணப்படுகிறது என்கிறார். அதே மூச்சில், அங்குள்ள விடுதியில் பழக்கூழுக்கு வாங்கிய அநியாய விலையைப் பற்றிக் குறைப்படுகிறார். துயரம் அவரிடம் அன்றாடப் பேச்சோடு கலந்துவிட்டது. முதலாளியிடம் அது கலக்கவில்லை, பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

தனிமையில் அமர்ந்து அழ விரும்புகிறார் முதலாளி. முன்பெல்லாம் மகனை எண்ணிய அளவிலேயே பொங்கிய கண்ணீர் இன்று வரவில்லை. அவ்வேளை மைக்கூட்டில் விழுந்து தத்தளிக்கும் ஈயைக் காண்கிறார். பேனாவால் எடுத்து உறிஞ்சுதாள்மீது விடுகிறார். அது கால்களாலும் சிறகுகளாலும் மையைத் துடைத்து, பறக்க அணியமாகும் நொடியில் அதன்மேல் ஒரு துளி மையைச் சிந்துகிறார். ஈ மீள்கிறது. மீண்டும் ஒரு துளி. அதன் துணிவை வியந்து, ஈரம் உலர வாயால் ஊதியும் விடுகிறார். மூன்றாம் துளியில் ஈ அசைவற்றுப் போகிறது.

இந்த ஈ யார்? மடிந்த மகன் என்பர் சிலர். போரினால் மீள மீளத் தாக்குண்ட தலைமுறை என்பர் வேறு சிலர். துன்பத்திலிருந்து கரையேறுந்தோறும் புதிய அடியைப் பெறும் முதலாளியே என்றும் கொள்ளலாம். ஆனால் மை சிந்தும் கையும் அவருடையதே என்பதை மறத்தலாகாது. உள்ளுறை உவமத்தில் கருப்பொருள் ஒவ்வொன்றும் அகப்பொருள் ஒன்றோடு பொருந்தி நிற்கும். நவீனக் குறியீடு அவ்வாறு ஒன்றுக்கு ஒன்றாய் அடங்குவதில்லை. எனவே ஈக்கு ஒரே பொருள் தேடுவதைவிட, அந்தக் கையின் செயலை நோக்குவதே பயன் தரும். காத்தல், வியத்தல், ஊக்குதல், கொல்லுதல் ஆகிய நான்கும் ஒரே கையால், பகைமை ஏதுமின்றி நிகழ்கின்றன. மேசையருகே அமர்ந்தவாறே இளைஞரின் வீரத்தைப் புகழ்ந்து களத்திற்கு அனுப்பிய ஒரு தலைமுறையின் சாயல் இதில் படிகிறது. கருவி வாளன்று, அலுவலக மை என்பதும் நோக்கத்தக்கது.

இறந்த ஈயைத் தாள்வெட்டும் கத்தியால் தூக்கிக் குப்பைக்கூடையில் எறிந்த அக்கணமே, இனம்புரியாத அச்சமும் சோர்வும் முதலாளியைப் பற்றுகின்றன. புதிய உறிஞ்சுதாள் கொண்டுவருமாறு ஏவலர் மேசியிடம் கடுமையாக ஆணையிடுகிறார். பிறகு, சற்றுமுன் எதை எண்ணிக்கொண்டிருந்தோம் என்று யோசிக்கிறார். கண்ணீரைத் துடைக்க வேண்டிய கைக்குட்டை கழுத்துப்பட்டைக்குள் செல்கிறது. நினைவு வரவில்லை. உட்டிஃபீல்டின் மறதிக்கு ஒரு குவளை விஸ்கி போதுமானதாயிருந்தது.