நாய்க்குப் பச்சை இறைச்சியும் உலர் தீவனமும் சேர்த்துக் கொடுக்கலாமா?

தோட்டக் காவலுக்கும் பட்டிக் காவலுக்கும் நாய் வளர்க்காத உழவர் குடும்பங்கள் நம் பகுதியில் குறைவு. முன்பெல்லாம் இந்நாய்கள் கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், மிஞ்சிய சோறு, மோர் ஆகியவற்றைத் தின்று வளர்ந்தன. இன்று சிற்றூர்க் கடைகளிலும் பையில் அடைத்த உலர் தீவனம் கிடைக்கிறது. அத்துடன் கறிக்கடையிலிருந்து ஈரல், குடல், கோழித் தலை, கால் முதலியவற்றையும் வாங்கி வந்து பச்சையாகவே போடுகிறார்கள். இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமா என்று உழவர்கள் பலரும் கேட்கிறார்கள்.

சேர்த்துக் கொடுக்கலாம் என்பதே விடை. சேர்ப்பதால் தீங்கு எதுவும் வருவதில்லை. தீங்கு வருவதெல்லாம் எந்த இறைச்சியை, எவ்வளவு, எந்த நிலையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தே. அத்தீங்கு நாயோடு நிற்பதுமில்லை. பட்டி ஆட்டுக்கும், தொழுவத்துப் பசுவுக்கும், வீட்டுக் குழந்தைக்கும் அது வந்து சேரக்கூடும்.

உலர் தீவனம் என்பது என்ன?

தானிய மாவு, இறைச்சித் தூள், கொழுப்பு, தாது உப்புக்கள், உயிர்ச்சத்துக்கள் ஆகியவற்றைக் கலந்து, நீராவியில் வேகவைத்து, மிகுந்த அழுத்தத்தில் சிறு துளைகள் வழியே பிதுக்கி, பின் உலர்த்தி எடுப்பதே உலர் தீவனம். இம்முறையில் செய்த நாய்த் தீவனம் அமெரிக்காவில் 1957-இல் விற்பனைக்கு வந்தது. இதில் ஈரம் 100-க்கு 10 பங்குக்கு மேல் இருப்பதில்லை. பச்சை இறைச்சியிலோ 100-க்கு 70 பங்குக்கு மேல் நீர்தான். ஆகவே 100 கிராம் உலர் தீவனம் ஏறத்தாழ 350 கலோரி தரும்போது, அதே எடையுள்ள கொழுப்பற்ற கறி 120 முதல் 150 கலோரிதான் தரும். கைப்பிடிக்குக் கைப்பிடி சமம் என்று எண்ணி மாற்றிப் போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

பையின் மீது வளர்ந்த நாய்க்கானதா, குட்டிக்கானதா என்று அச்சிட்டிருப்பார்கள். ஈரம் நீக்கிய கணக்கில் வளர்ந்த நாய்க்குப் புரதம் 100-க்கு 18 பங்கும், குட்டிக்கு 22.5 பங்கும் குறையாமல் இருத்தல் வேண்டும். பையைத் திறந்தபின் மூடியுள்ள தகர டப்பாவில் வைப்பது நல்லது. ஈரம் பட்டுப் பூசணம் பூத்த தீவனம் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கத் தயங்குகிற நாம் நாய்க்கு மட்டும் வைத்துவிடுகிறோம். விலை குறைவு என்று கோழித் தீவனத்தை நாய்க்குப் போடுவதும் கூடாது. கோழிகளுக்கு இரத்தக்கழிச்சல் வராதிருக்கச் சில தீவனங்களில் சேர்க்கப்படும் மருந்துகள் நாயின் நரம்பையும் தசையையும் தாக்கும் நஞ்சாகும்.

பச்சை இறைச்சி பற்றிய எண்ணங்கள்

பச்சைக் கறி தின்ற நாய்க்கு வெறி பிடிக்கும் என்பது நம் ஊர்களில் உள்ள பழைய நம்பிக்கை. வெறிநோய் ஒரு நச்சுயிரியால் வருவது. நோயுற்ற விலங்கின் உமிழ்நீர் கடி வழியே உடலில் புகுவதால் அது பரவுகிறது. கறி தின்பதாலோ தின்னாததாலோ அந்நோய் வருவதும் இல்லை, தடைபடுவதும் இல்லை. அதற்குத் தடுப்பூசி ஒன்றே வழி.

இதற்கு நேர் எதிரான எண்ணமும் உண்டு. ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் எழுதிய ஒரு நூலில் பச்சை எலும்பும் இறைச்சியுமே நாய்க்கு இயற்கை உணவு என்று வாதிட்டார். அதன் பிறகு பல நாடுகளிலும் நகரத்தார் இம்முறையைப் பின்பற்றலாயினர். ஆனால் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012-இல், கிருமிகளை அழிக்காத பச்சை இறைச்சியை நாய், பூனைகளுக்குக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. பச்சைக் கோழிக்கறியில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருப்பதே காரணம். நாய் நலமாகவே தோன்றும், ஆனால் அதன் சாணத்திலும் வாயிலும் கிருமி இருந்துகொண்டிருக்கும். அந்த நாயுடன் விளையாடும் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருகிறது.

பச்சை இறைச்சி விரைவில் செரிக்கும், உலர் தீவனம் மெல்லச் செரிக்கும், ஆகவே இரண்டையும் ஒரே வேளையில் வைத்தால் வயிறு கெடும் என்றும் சிலர் சொல்வார்கள். இதற்கு ஆதாரம் இல்லை. நாயின் இரைப்பையில் சுரக்கும் அமிலம் வலிமையானது. கறி, கொழுப்பு, வெந்த மாவு எல்லாவற்றையும் ஒருசேரக் கையாள வல்லது. திடீரென்று உணவை மாற்றுவதால்தான் கழிச்சல் ஏற்படுகிறது. எந்தப் புது உணவையும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாகக் கூட்டி வந்தால் தொல்லை இராது.

சுண்ணாம்புச் சத்துக் கணக்கு

எலும்பில்லாத கறி 100 கிராமில் மணிச்சத்து ஏறத்தாழ 200 மில்லிகிராம் உள்ளது, சுண்ணாம்புச் சத்தோ 10 மில்லிகிராம் அளவே. நாய்க்கு இவ்விரண்டில் சுண்ணாம்புச் சத்து மணிச்சத்துக்குச் சமமாகவோ சற்று மிகுந்தோ இருக்க வேண்டும். வெறும் கறியும் ஈரலும் தின்று வளரும் குட்டியின் உடல், இரத்தத்தில் குறையும் சுண்ணாம்பை ஈடுகட்டத் தன் எலும்பையே கரைக்கிறது. முன்னங்கால்கள் வளைந்து, குட்டி நடக்கத் தயங்கி, சிறு குதிப்பிலும் எலும்பு முறிகிறது. இராசபாளையம், சிப்பிப்பாறைக் குட்டிகளை விலை கொடுத்து வாங்கி, "கறியாகவே போட்டு வளர்த்தேன்" என்று பெருமையாகச் சொல்வோரிடம் இக்குறையைக் காணலாம்.

நல்ல உலர் தீவனத்தில் இந்த அளவு சரிப்படுத்தப்பட்டிருக்கும். அதன்மேல் கறியைக் கூட்டக் கூட்ட நிறை சாயும். 20 கிலோ எடையுள்ள காவல் நாயை எடுத்துக்கொள்வோம். அதற்கு நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1,150 கலோரி, அதாவது 330 கிராம் உலர் தீவனம் வேண்டும். இதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் குறைத்து, 300 கிராம் தீவனமும் 80 முதல் 100 கிராம் கறியும் வைத்தால் கணக்கு கெடாது, வேறெதுவும் சேர்க்க வேண்டாம். கறிக்குப் பதில் ஒரு வேகவைத்த முட்டையும் வைக்கலாம்.

பாதிக்குப் பாதியாக, 165 கிராம் தீவனமும் 430 கிராம் கறியும் வைத்தால், தீவனத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்து கறியின் மணிச்சத்துக்கு ஈடுகொடுக்காது. அந்நிலையில் வளர்ந்த நாய்க்கு அரைத் தேக்கரண்டி முட்டை ஓட்டுத் தூள் சேர்த்தால் ஏறத்தாழ ஒரு கிராம் சுண்ணாம்புச் சத்து கிடைத்து அளவு நேராகும். ஓட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, வெயிலில் உலர்த்தி, மாவாக இடித்துக்கொள்ள வேண்டும். உலர் தீவனம் மட்டுமே தின்னும் குட்டிக்கு இத்தூளையோ சுண்ணாம்பு மாத்திரையையோ கொடுக்கக் கூடாது. பெரிய இனக் குட்டிகளில் மிகையான சுண்ணாம்புச் சத்தும் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்கும்.

நுரையீரலில் உள்ள நீர்க்கட்டி

ஆடு அறுக்கும்போது ஈரலிலும் நுரையீரலிலும் நீர் நிறைந்த வெண்ணிறக் கட்டிகளைக் கண்டிருப்பீர்கள். இது மக்களுக்கு ஆகாது என்று அதை அறுத்து நாய்க்கு எறிவது வழக்கம். இதைவிடத் தவறான செயல் இல்லை. அக்கட்டி, எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் இளம்பருவம். ஒரு கட்டிக்குள் ஆயிரக்கணக்கான புழுத்தலைகள் இருக்கக்கூடும். நாய் அதைத் தின்றால் ஒவ்வொரு தலையும் குடலில் ஒட்டிக்கொண்டு, அரிசி மணியளவுகூட இல்லாத சிறு புழுவாக வளர்கிறது. ஆறேழு வாரங்களில் அதன் முட்டைகள் நாயின் சாணத்துடன் வெளிவருகின்றன. நாய்க்கு நோய்க்குறி எதுவும் தெரியாது.

அம்முட்டைகள் மேய்ச்சல் புல்லிலும், கீரைப் பாத்தியிலும், நாயின் மயிரிலும் ஒட்டியிருக்கும். ஆடு மேய்ந்தால் ஆட்டுக்கு மீண்டும் கட்டி. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் குழந்தை உண்டால் குழந்தையின் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி. அது பல ஆண்டுகள் ஓசையின்றி வளரும், வயிறு பருத்தோ மூச்சு முட்டியோ தெரியவரும்போது அறுவை மருத்துவம் தேவைப்படும் நிலை வந்திருக்கும்.

இச்சுழலை அறுக்க முடியும் என்பதற்கு ஐஸ்லாந்துத் தீவு சான்று. டென்மார்க் நாட்டு அறிஞர் ஹரால்ட் கிராபே 1863-இல் அங்கு சென்று நாய்களை ஆராய்ந்தபோது ஏறத்தாழ நான்கில் ஒன்றில் இப்புழுவைக் கண்டார். கட்டியுள்ள உறுப்புகளை நாய்க்குப் போடாதீர்கள், எரித்துவிடுங்கள் என்று அவர் எழுதிய சிறு நூல் வீடுதோறும் இலவசமாக வழங்கப்பட்டது. மக்கள் அதைப் படித்து நடந்தார்கள். பின்னர் சட்டமும் வந்தது. அத்தீவில் இந்நோய் அறவே ஒழிந்தது. நியூசிலாந்தும் இவ்வாறே நாய்க்குப் பச்சை உறுப்பு போடுவதைத் தடுத்தும், நாய்களுக்குக் குடற்புழு மருந்து கொடுத்தும் இந்நோயை அடக்கியது.

கட்டி கண்ணுக்குத் தெரிந்தால் எறியக் கூடாது, தெரியாவிட்டாலும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது. உள்ளே ஆழத்தில் இருக்கும் சிறு கட்டி வெளிப்பார்வைக்குத் தெரியாது. துண்டுகளாக்கி 40 நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும். பூச்சியத்துக்குக் கீழ் 20 டிகிரியில் பத்து நாள் உறையவைத்தாலும் இக்கட்டி அழியும். ஆனால் மின்சாரம் வந்து வந்து போகும் இடங்களில் வீட்டுக் குளிர்பெட்டியை நம்பிவிட முடியாது. உறையவைப்பதால் சால்மோனெல்லாவும் சாவதில்லை.

இளங்கொடியும் நாயும்

பசு கன்று ஈன்றதும் இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. பால் பெருகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். அது எப்படியாயினும், நாய்க்கு எட்டாமல் வைத்தார்களே, அதில் நன்மை இருக்கிறது. நியோஸ்போரா என்னும் நுண்ணுயிர் 1988-இல் இனங்கண்டு பெயரிடப்பட்டது. அதன் முழு வளர்ச்சி நாயின் குடலில்தான் நடக்கிறது என்பது 1998-இல் தெரியவந்தது. நோயுள்ள பசுவின் இளங்கொடியையோ, வீசிய கன்றையோ, பச்சை இறைச்சியையோ தின்ற நாய் தீவனத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் கழித்தால், அதை உண்ட சினைப்பசு ஐந்தாம் ஆறாம் மாதத்தில் கன்று வீசக்கூடும். தென்னிந்திய மாடுகளிலும் இக்கிருமி புகுந்ததற்கான அறிகுறி இரத்தச் சோதனையில் கண்டறியப்பட்டுள்ளது. மரத்தில் கட்டுவதைவிட ஆழப் புதைப்பது மேல்.

கொடுக்கும் முறை

கறியை மஞ்சள் மட்டும் சேர்த்து வேகவைத்து, எலும்பை நீக்கி, வெந்த நீருடன் உலர் தீவனத்தில் ஊற்றிப் பிசைந்து வைக்கலாம். வெந்த கோழி எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை அழிக்கும், எனவே மிஞ்சிய குழம்பை ஊற்றாதீர்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்போர் உதிர்ந்த பழத்தை நாய் தின்னாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஈரலை வாரம் ஓரிரு முறை சிறிதளவு கொடுத்தால் போதும். மீனையும் முட்டையையும் வேகவைத்தே கொடுக்க வேண்டும். உலர் தீவனம் தின்னும் நாய்க்குத் தண்ணீர் மிகுதியாகத் தேவை. 20 கிலோ நாய் நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் குடிக்கும், கோடையில் இன்னும் கூடுதலாக.

ஆட்டுக்கிடையில் சுற்றும் நாய் எதைத் தின்றது என்று நாம் அறிய முடியாது. அத்தகைய நாய்க்குப் பிரசிக்வான்டெல் மருந்தை எடைக்கேற்ப, கிலோவுக்கு 5 மில்லிகிராம் வீதம், ஆறு வாரத்துக்கு ஒரு முறை கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி கொடுத்து வர வேண்டும். புழு முட்டையிடத் தொடங்கும் முன்னரே இறந்துவிடும்.

ஆடி மாதக் கோயில் கொடைகளிலும் பங்குனித் திருவிழாவிலும் ஒரே நாளில் பல கிடாய்கள் வெட்டப்படும்போது ஊர் நாய்கள் அனைத்தும் அங்கே கூடிவிடும். விழா நடத்துவோர் முன்னாளே நான்கடி ஆழத்துக்குக் குறையாமல் ஒரு குழி வெட்டி வைத்து, குடலையும் கட்டியுள்ள உறுப்புகளையும் அதில் போட்டு, சுண்ணாம்பு தூவி, மண்ணை இறுக மூடி, மேலே முள்ளோ கல்லோ பரப்பிவிட வேண்டும்.